சுவரைத் தொடு, நன்றி சொல்லு

ஏலே மருமவனே, நீ போன்ல கேட்டதை ஒங்கத்தைகிட்டயும் சொன்னேன். கூட வேலை பாக்குத வெள்ளைக்காரனோட மகன் வலி மாத்திரையில விழுந்து எந்திரிக்க முடியாமக் கெடக்கான், டல்லாஸ்ல இருந்து கார்ல போற தூரத்துல, ஒக்லஹோமாவுல ஏரிக்கரையோரம் ஒரு எடம் இருக்கு, மருந்தே குடுக்காம வேர்க்க வச்சே குணமாக்கிப்புடுதாகளாம், நல்ல எடமான்னு கேட்ட. கேக்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்க. மதுரையைத் தாண்டாத மாமன்கிட்ட ஒக்லஹோமாவுக்கு வழி கேக்குத. ஒங்கத்தை சிரிச்ச சிரிப்புல வெத்தலை பொரையேறிருச்சு.

நல்லவேளை, பேத்தி சட்டம் படிக்கா. அவளைப் பிடிச்சு ஒக்கார வச்சு, கோர்ட்டுக் காயிதம், பேப்பர்ச் செய்தி எல்லாத்தையும் வாசிச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். கேட்டு முடிச்சதும் என் புத்தி தெளிஞ்சுபோச்சு. தாராளமா அனுப்பச் சொல்லு. போற பையனுக்கு என்னென்ன பாக்கியம் கிடைக்கும்னு மட்டும் முன்னக்கூட்டியே காதுல போட்டு வைக்கேன்.

எடத்துப் பேரு நார்கனான். 1966ல அரிசோனா மாநில ஜெயில்ல கைதியா இருந்த வில்லியம் பெனிட்டெஸ் ஆரம்பிச்சது. ஜெயில்ல பொறந்ததுன்னு நான் மட்டமாப் பேச மாட்டேன். வெளிய திரியுதவன் செய்யாத நல்லதை உள்ள இருந்தவன் செஞ்சது உண்டு. அந்த மனுசனும் போதையில கெடந்து எந்திரிச்சவருதான். எதைப் பிடிச்சு எந்திரிச்சாருன்னா, எல். ரான் ஹப்பர்ட் எழுதின ஒரு புஸ்தகத்தைப் பிடிச்சு. ஹப்பர்ட் யாரு? விஞ்ஞானக் கதை எழுதினவரு. 1950ல 'டயனெட்டிக்ஸ்'னு மனசுக்கு வைத்தியம் சொல்லுத புஸ்தகம் போட்டாரு. அது ஓடோ ஓடுன்னு ஓடுச்சு. நாலஞ்சு வருசத்துக்குள்ள சயன்டாலஜின்னு ஒரு மதத்தையே உண்டாக்கிட்டாரு. டாக்டருக்குப் படிச்சவரு இல்ல. படிச்சிருந்தா இம்புட்டுத் தைரியம் வந்திருக்காது.

அவரு சொல்லி வச்ச வைத்தியம் இதுதான். கஞ்சாவோ, அபினோ, மாத்திரையோ, உள்ள போனது கொழுப்புல போயி ஒளிஞ்சுக்கிடும். வருசக்கணக்கா அங்கனயே பதுங்கிக் கெடந்துட்டு, நெனைச்ச நேரம் வெளிய வந்து ஆசையைத் தூண்டும். அதனால அதை வேர்வையா வடிச்சு எடுத்திரணும். அதுக்கு ஓட்டம், பொறவு வேர்க்க வைக்குத சூட்டு அறை, ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் வரைக்கும், இப்படி வாரக்கணக்குல. கூடவே நியாசின்ங்கிற வைட்டமின். ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 16 மில்லிகிராம். ஹப்பர்ட் கணக்குல கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி 5,000 வரைக்கும் போகலாம்.

அம்புட்டு நியாசின் உள்ள போனா மூஞ்சி, கழுத்து, நெஞ்செல்லாம் செவந்து, எரிஞ்சு, அரிக்கும். 'பாத்தியா, விசம் எறங்குது'ம்பாக. நியாசினோட கொணமே அதுதான் மருமவனே. காப்பியைத் தவிர எதையும் தொடாத ஒனக்குக் குடுத்தாலும் நீயும் செவப்ப. விசம் எறங்குதோ இல்லையோ, அந்த அளவுல ஈரலுக்குக் கேடு எறங்கும். ஹெராயினையும் கொக்கெய்னையும் ஈரல் ஒடைச்சு, மூத்திரத்துல சில நாள்லயே வெளிய தள்ளிருது. கஞ்சா கொஞ்சம் கூடுதலாத் தங்கும், கொழுப்புல ஒட்டிக்கிட்டு. அதுவும் வேர்வையில போறது பேருக்குத்தான். ஆசை தங்கியிருக்குத எடம் மூளை. அதைப் பிழிஞ்சு காயப்போட முடியாதுல்லா?

இந்தக் கொழுப்புக் கதையைக் கலிபோர்னியாப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைகளுக்கே பாடமா நடத்தியிருக்காக. 2004ல ஒரு பத்திரிகைக்காரி தோண்டி எழுதின பொறவு, மாநிலக் கல்வித்துறை ஆளு வச்சுச் சோதிச்சுது. சொல்லிக் குடுத்ததுல பலது தப்புன்னு 2005ல முடிவு வந்துச்சு. 'நார்கனானைக் கூப்பிடாதீங்க'ன்னு கல்வித்துறைத் தலைவர் ஜாக் ஓ'கானல் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லிட்டாரு. வாத்தியார் பிரம்பை எடுத்துட்டாருன்னா மாணாக்கன் ரொம்பத் தப்பா எழுதியிருக்கான்னு அர்த்தம்.

வேர்த்து முடிச்சாச்சுன்னா பாடம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். ரெண்டு பேரை எதிரெதிர் நாற்காலியில ஒக்கார வச்சு, கண்ணு எமைக்காம, அசையாம ஒருத்தரை ஒருத்தர் முறைக்கச் சொல்லுவாக. பொறவு ஒருத்தன் கண்டபடி வைவான், மத்தவன் மூஞ்சி சுழிக்கக் கூடாது. இதுக்கு எதுக்குலே துட்டுக் கட்டிப் போகணும், நம்ம வீட்டுல ஒரு வாரம் இருந்தாப் போதும்னு ஒங்கத்தை சொல்லுதா. அடுத்தது சுவர்ப் பாடம். 'அந்தச் சுவரைப் பாரு.' பாக்கான். 'நன்றி.' 'அந்தச் சுவர்கிட்ட நடந்து போ.' போறான். 'நன்றி.' 'அந்தச் சுவரைத் தொடு.' தொடுதான். 'நன்றி.' 'திரும்பு.' திரும்புதான். 'நன்றி.' எதிர்ச் சுவருக்கும் இதே மரியாதை உண்டு. மணிக்கணக்கா நடக்கும். சாம்பக் கிண்ணத்தைப் பாத்து 'எந்திரி'ன்னு கத்தி, தானே கையால தூக்கி, அதுக்கும் நன்றி சொல்ல வச்சாகன்னு உள்ள போயிட்டு வந்தவுக சிலபேரு சொல்லியிருக்காக. சிகரெட் குடிக்கதையாவது விடச் சொன்னாகளான்னு பேத்தியைக் கேட்டேன். கிண்ணம் இருந்திருக்கே தாத்தான்னா.

இந்தப் பாடம் எல்லாம் சயன்டாலஜி சர்ச்சுல நடக்குத பாடத்தோட ஒறவுமுறை. சூட்டு அறையும் நியாசினும் அங்க 'சுத்திகரிப்பு'ங்கிற பேருல நடக்கும். இங்க பேரு 'புது வாழ்வு'. பையனைச் சேத்தவுக பலபேருக்கு இது தெரியாதுன்னு பின்னால போட்ட கேசுகள்ல எழுதியிருக்கு. சிகிச்சைன்னு 30,000 டாலரைச் சுத்திக் கட்டிட்டு, பிள்ளை கையில ஹப்பர்ட் புஸ்தகத்தைப் பாத்தப்பத்தான் முழிச்சாகளாம். நார்கனான்காரவுக மறுக்காக. நாங்க மதம் பரப்பலை, சயன்டாலஜி சர்ச்சு வேற, நாங்க வேற, ஹப்பர்ட் கண்டுபிடிச்ச வழியில போதையை நிறுத்துதோம், அம்புட்டுத்தான்ங்காக. அவுகளால நான் பொழைச்சேன்னு சத்தியம் பண்ணுதவுகளும் இருக்காக. கிர்ஸ்டி ஆலின்னு பேர்பெத்த நடிகை கொக்கெய்னை அங்கதான் விட்டேன்னு சொல்லி, அவுகளுக்காக ஊர் ஊராப் பேசினா. பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். விடணும்னு மூச்சைக் கட்டி நிக்குதவன் சுவரைத் தொட்டும் விட்டுருவான்.

சரி, எத்தனை பேரு விட்டாக? நூத்துக்கு 70, 76ன்னு சொல்லுவாக. கேட்டதும் கை தட்டத் தோணும். சுவீடன்ல 1981ல ஒருத்தர் அங்க உள்ள நார்கனானைப் பத்தி ஒரு ஆய்வு எழுதினாரு. உள்ள போனவுக 61 பேரு. முடிச்சவுக 14 பேரு. ஒரு வருசம் கழிச்சு நான் தொடவே இல்லைன்னு சொன்னவுக நாலே நாலு பேரு. மேய்ச்சலுக்கு 61 உருப்படி ஓட்டிட்டுப் போயி, பட்டிக்குத் திரும்பினதை மட்டும் எண்ணி, 'என் மந்தையில ஒண்ணும் தொலையலை'ன்னு கீதாரி சொன்னா, ஆட்டுக்காரன் கம்பை எடுப்பானா மாட்டானா? ஆனா மனுசப் பிள்ளைங்க கணக்குல கம்பை எடுக்க ஆளு இல்ல. பாதியில போனவன் மனசு பத்தாதவன், முடிச்சும் விழுந்தவன் பாடத்தைச் சரியாச் செய்யாதவன். வைத்தியம் மட்டும் என்னைக்கும் தோக்காது.

இனி ஒக்லஹோமாக் கதை. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா அங்கதான் நம்ம பையன் போகப்போறான்.

வடக்க, கான்சாஸ் எல்லையோரம் நியூகர்க்னு ஒரு சின்ன ஊரு. பக்கத்துல சிலாக்கோன்னு செவ்விந்தியப் பிள்ளைகளுக்குன்னு அரசாங்கம் நடத்தின பழைய விடுதிப் பள்ளிக்கூடம், 1980ல மூடிக் கெடந்துச்சு. எடம் பழங்குடிகளுக்குச் சொந்தம். 1989ல நார்கனான் அங்க குத்தகைக்கு வந்துச்சு. ஊருல ஒரு விழா. 'நல்வாழ்வு, கல்விக்கான சங்கம்'னு ஒண்ணு மேடையேறி, நாங்க விசாரிச்சுப் பாத்தோம், நார்கனான் மாதிரி ஒண்ணு உலகத்துல கெடையாதுன்னு புகழ்ந்து, 2 லட்சம் டாலருக்குச் செக்கு நீட்டுச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு. அந்த ஊர் வாரப் பத்திரிகை 'நியூகர்க் ஹெரால்ட் ஜர்னல்'. அதோட ஆசிரியர் ராபர்ட் லாப்சிங்கர் வாயைப் பொளக்கல. யாருடா இந்தத் தர்மப் பிரபுன்னு நோண்டினாரு. பாத்தா, அந்தச் சங்கமே சயன்டாலஜிக்காரவுக வச்சது, நார்கனானை மேய்க்கத்தான் வச்சது. வலது மடியில இருந்த துட்டை எடது மடியில போட்டுக்கிட்டு, நடுவுல ஊரைக் கூட்டிக் கை தட்ட வச்சிருக்காக. நாலு பக்கம் போடுத சின்னப் பத்திரிகைக்காரன் கண்டுபிடிச்சதை, கோட்டுப் போட்ட யாரும் கண்டுபிடிக்கல பாத்தியா.

மாநில மனநல வாரியமும் சும்மா இல்ல. 1991 டிசம்பர்ல, இந்த முறை பலன் தருதுன்னோ ஆபத்தில்லைன்னோ நம்புத மாதிரி ஆதாரம் இல்லைன்னு சொல்லி அங்கீகாரத்தை மறுத்துட்டாக. கதை முடிஞ்சுதுன்னு நெனைச்சியா? அங்கதான் நீ பாடம் படிக்கணும். வெளி நிறுவனம் ஒண்ணுகிட்ட தரச்சான்று வாங்கினா, மாநில அங்கீகாரம் வேண்டாம்னு ஒரு விலக்கு இருந்துச்சு. 1992ல அந்தச் சான்றை வாங்கிட்டு, அந்தச் சந்துல நொழைஞ்சுட்டாக. வாசல்ல விடாதவனை வீட்டுக்காரனே கொல்லைப்பக்கம் வான்னு கூப்பிட்ட மாதிரி ஆச்சு. 2001ல கனேடியன்ங்கிற ஊருக்குப் பக்கத்துல, யூஃபாலா ஏரிக்கரையில, பழைய ஏரோஹெட் விடுதியை வாங்கிப் பெருசாக் குடியேறினாக. ஒன் வெள்ளைக்காரன் சொன்ன ஏரிக்கரை அதுதான்.

2011 அக்டோபருக்கும் 2012 ஜூலைக்கும் நடுவுல அங்க மூணு பேரு செத்தாக. 2009லயும் ஒரு சாவு உண்டு. இதுல கேலி பேச எனக்கு நாக்கு எழும்பல மருமவனே. கடைசிப் பொண்ணுக்கு 20 வயசு. லீவுல வெளிய போயி மாத்திரை தின்னுட்டுத் திரும்பியிருக்கா. போதை தெளியட்டும்னு தனி எடத்துல படுக்க வச்சாக. விடிஞ்சப்ப உயிர் இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும், பக்கத்துல ஒரு நர்சாவது ஒக்காந்து மூச்சை எண்ணியிருக்கணும்னு பெத்தவுக கேசு போட்டாக.

இது ஏன் நடக்குன்னு நீ தெரிஞ்சு வச்சுக்க, ஒன் கூட்டாளிக்கும் சொல்லு. தெனமும் பத்து மாத்திரை தின்னு பழகின ஒடம்பு பத்தைத் தாங்கும். சில வாரம் நிறுத்திட்டா, அந்தத் தாங்குத சக்தி போயிரும். ஆசை போகாது. மறுபடி கை நீளும்போது, பழைய பத்தைத்தான் எடுக்கும். இப்ப அது எமன். மூச்சு சிறுசாகி, சிறுசாகி, தூங்குதான்னு நெனைக்கும்போதே அடங்கிரும். அதனாலதான் படிச்ச டாக்டர்மாரு பூப்ரெனார்ஃபின், மெத்தடோன்னு மருந்து குடுத்து, ஆசையையும் அடக்கி, ஆளையும் காப்பாத்துதாக. அந்த மருந்துல இருக்கதுவரைக்கும் சாவு பாதிக்குப் பாதி கொறையுதுன்னு நாட்டுக்கு நாடு கண்டு வச்சிருக்காக. நார்கனான்ல அதெல்லாம் போதைக்குப் பதில் போதையாம், ஆகாதாம். வைட்டமின் உண்டு, கால்சியமும் மக்னீசியமும் கலக்கின ஒரு பானம் உண்டு, உடம்பைத் தடவிக் குடுக்கதுக்கு ஆளு உண்டு. தடவிக் குடுக்குத ஆளு யாரு? பல நேரம், போன மாசம்வரை அதே கட்டில்ல கெடந்து, பாடத்தை முடிச்சு, அங்கயே வேலைக்குச் சேந்த பையன். நேத்துக் கெணத்துல விழுந்து ஏறினவன் இன்னைக்கு நீச்சல் வாத்தியார்.

அவுக ஆலோசகர்கள் பேருக்குப் பின்னால போட்டிருந்த சான்றிதழ்களைப் பத்தியும் வில்லங்கம் வந்துச்சு. சான்றிதழ் குடுக்குத சங்கமே 2014ல ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயி, எங்க பேரையும் முத்திரையையும் தப்பாப் பயன்படுத்துதாகன்னு வழக்குப் போட்டுச்சு. கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன கதை.

சாவுகளுக்குப் பொறவுதான் ஒக்லஹோமா அந்தக் கொல்லைப்புற விலக்கை அடைச்சுச்சு. 2013ல புதுச் சட்டம். போதை மீட்பு நடத்துத எல்லாரும் மாநிலத்துச் சான்று வாங்கணும், வந்து பாத்தாக் கதவைத் தொறக்கணும். 1991ல வாரியம் சொன்னதைச் சட்டம் கேட்க 22 வருசம் ஆச்சு. ரொம்ப வேகந்தான்.

ஜார்ஜியாவுல இன்னொரு வேடிக்கை. அங்க நார்கனானுக்கு இருந்தது பகல்ல வந்துட்டுப் போறவுகளுக்கு வைத்தியம் பாக்குத லைசென்ஸு. ஆளுகளை அடுக்குமாடி வீட்டுல தங்க வச்சு நடத்தினாக. புளோரிடாவுல ஒரு கோர்ட்டு, தங்கிச் சிகிச்சை எடுக்கணும்னு ஒருத்தருக்கு உத்தரவு போட்டிருந்துச்சு. தங்குத எடந்தான்னு சொல்லிச் சேத்துக்கிட்டாகன்னு குடும்பம் கேசு போட்டுச்சு. அவரு 2008ல ஹெராயின் போட்டுச் செத்துப்போனாரு. வழக்கு 2013ல சமரசத்துல முடிஞ்சுது. அதே வருசம் இன்சூரன்ஸ் மோசடின்னு அதிகாரிங்க உள்ள பூந்து சோதனை போட்டாக. அப்பறம் அவுகளே லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாக. கனடாவுல, கியூபெக் மாநிலத்து துருவா ரிவியேர்ங்கிற ஊருல, 2012ல சுகாதாரத் துறையே கதவைச் சாத்துச்சு. உள்ள இருந்தவுகளை வேற எடத்துக்கு மாத்தினாக. மருந்து சாப்பிடவேண்டிய நோயாளியும் அங்க மருந்தில்லாம இருந்திருக்காகன்னு அதிகாரிங்க பதறினாக.

இம்புட்டையும் கேட்டுட்டு ஒன் வெள்ளைக்காரனை மடையன்னு நெனைச்சிராத. மவன் கக்கூஸுக்குள்ள போயிக் கதவைப் பூட்டிட்டு, அரை மணி நேரமாச் சத்தம் இல்லைன்னா, பெத்தவன் எந்த நம்பரையும் அடிப்பான். அந்த நேரத்துக்குன்னே நம்பர் காத்துக் கெடக்கு. 'எல்லா ஊருலயும் நல்ல எடம் காட்டுதோம், இலவச ஆலோசனை'ன்னு பேரு சொல்லாத விளம்பரம் போட்டு, போனை எடுத்து, கடைசியில நார்கனானுக்கே கொண்டுபோயி விடுதாகன்னு கேசு போட்டவுக சொல்லுதாக. ஆளு பிடிச்சுக் குடுத்தா கமிஷன் உண்டாம். மாட்டுத் தாவணியில துண்டு மூடிக் கை பிடிச்சுப் பேசுவாகளே, அந்தத் தரகனாவது முதல்ல நான் தரகன்னு சொல்லிட்டுத்தான் துண்டைப் போடுவான்.

அதனால நீ செய்ய வேண்டியதைச் சொல்லுதேன், கேட்டுக்க. வேண்டாம்னு தடுக்காத, தடுத்தா மாமனும் மருமவனும் பிற்போக்குன்னு சொல்லுவான். அவனை அந்த நம்பருக்கே போன் போடச் சொல்லு. மரியாதையாப் பேசட்டும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பையன் மூச்சு விடச் சிரமப்பட்டா, பக்கத்து அறையில டாக்டர் இருப்பாரா, எத்தனை மைல் தள்ளி இருப்பாருன்னு கேக்கட்டும். நலாக்ஸோன்னு மூக்குல அடிக்குத மருந்து இருக்கு, போதை மாத்திரையில மூச்சு நின்னவனை எழுப்பி ஒக்கார வைக்கும். 2023ல இருந்து உங்க ஊருல டாக்டர் சீட்டு இல்லாமக் கடையிலயே விக்காக. அது எந்த அலமாரியில இருக்கு, சாவி யாருகிட்டன்னு கேக்கட்டும். மாநிலச் சான்று நம்பர் என்ன, அதை மாநில ஆபீஸ்லயே கேட்டுக்கிடலாமான்னு கேக்கட்டும். 76ன்னா, எண்ணினது யாரு, சம்பளம் யாரு குடுத்ததுன்னு கேக்கட்டும். இதுக்கெல்லாம் நேரா பதில் சொல்லி, அதை எழுதியும் குடுத்துட்டாகன்னா, பையனைக் கூட்டிட்டுப் போயி எடத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வரச் சொல்லு. 'மொதல்ல முன்பணம் அனுப்புங்க, பொறவு பேசலாம்'னாகன்னா, அவுகளுக்கும் ஒரு நன்றி சொல்லி போனை வச்சிரச் சொல்லு. வச்ச கையோட, பக்கத்துல உள்ள டாக்டரைப் பாக்கட்டும். முந்தி பூப்ரெனார்ஃபின் எழுத டாக்டருக்குத் தனி அனுமதி வேணும். அந்த முட்டுக்கட்டையையும் 2022 கடைசியில எடுத்துட்டாக. இப்ப வீட்டு டாக்டரே எழுதலாம். நலாக்ஸோன் ரெண்டை இன்னைக்கு சாயங்காலமே வாங்கி, ஒண்ணை அடுக்களையில, ஒண்ணைக் கார்ல போட்டு வைக்கச் சொல்லு. எந்த எடத்துக்கு அனுப்புததுன்னு நாளைக்கு யோசிக்கலாம், மூச்சு இன்னைக்கு வேணும்.

இன்னொண்ணு. இதெல்லாம் ஒங்க மாமா சொன்னதுன்னு எவன்கிட்டயும் சொல்லிராத. அவுககிட்ட வக்கீல் கூட்டம் ஒண்ணு எப்பவும் தயாரா இருக்குமாம். எனக்கு வக்கீல்னா பேத்திதான். அவளுக்கும் இன்னும் ரெண்டு பேப்பர் அரியர் கெடக்கு.